செர்ரி இறால் வளர்ப்பு: தண்ணீரில் நான் கோட்டை விட்ட இடம்

முதல் தடவை வாங்கிய 15 செர்ரி இறாலில் ஒன்றரை மாதத்தில் மிஞ்சியது இரண்டு. இரண்டாவது தடவை வாங்கிய 12 இப்போது எண்ண முடியாத அளவு பெருகிவிட்டன. பாசியைக் கொஞ்சம் தூக்கினால் பொலபொலவென்று உதிர்கின்றன. இரண்டு தடவையும் அதே தொட்டி, அதே ஃபில்டர், அதே தீனி. மாறியது தண்ணீர் மட்டும்தான். அதனால் இந்தப் பதிவில் தண்ணீர்ப் பகுதி நீளமாக இருக்கும், மற்றதில் வேகமாக ஓடிவிடுவேன்.

எந்த இறால்

கடையில் செர்ரி என்று சொல்வது நியோகரிடினா டேவிடி என்ற இனம். முழு வளர்ச்சியில் ஒரு அங்குலம்தான். ஓடைகளில் இயற்கையாகத் திரிவது பழுப்பு நிறம். சிவப்பு, மஞ்சள், நீலம் எல்லாம் பொறுக்கிப் பொறுக்கி இனம் சேர்த்து எடுத்த நிறங்கள். பார்க்க அழகாக இருக்குமே என்று மூன்று நிறத்தையும் ஒரே தொட்டியில் விட்டால், சில தலைமுறைகளில் பழுப்பே திரும்பி வரும். ஒரு தொட்டிக்கு ஒரு நிறம், அவ்வளவுதான்.

அமானோ இறாலும் கிடைக்கும். பாசி தின்பதில் கெட்டிக்காரன், ஆனால் அதன் குஞ்சு முதலில் உப்பு கலந்த நீரில் வளர வேண்டும். வீட்டில் பெருக்குவது பெரிய வேலை. கிரிஸ்டல் ரெட் என்ற இறால் பக்கமே போகாதீர்கள். சென்னை வெயிலில் தண்ணீரைக் குளிர்விக்கும் சில்லர் இல்லாமல் அது தாங்காது.

தொட்டியும் சாமானும்

ஒன்றரை அடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம் போதும். சுமார் 35 லிட்டர் பிடிக்கும். ஃபில்டர் ஸ்பான்ஜ் ஃபில்டர்தான், இதில் எனக்கு இரண்டாவது கருத்தே கிடையாது. தொட்டி விளிம்பில் தொங்கும் ஃபில்டர் குஞ்சுகளை உறிஞ்சிவிடும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா, உறிஞ்சும் குழாயில் பழைய ஸ்டாக்கிங் துணியைக் கட்டுங்கள். ஸ்பான்ஜ் ஃபில்டரை ஓட்டும் ஏர் பம்பின் குழாயில் பின்னோட்டத்தைத் தடுக்கும் குட்டி வால்வு ஒன்று போடுங்கள். விலை அற்பம். எங்கள் தெருவில் கரண்ட் போன ஒரு ராத்திரி தண்ணீர் குழாய் வழியே இறங்கி பம்ப் உயிரை விட்டது.

ஒரு கைப்பிடி ஜாவா மாஸ் என்ற நீர்ப்பாசி, அப்புறம் தெருவோரப் பாதாம் மரத்தடியில் உதிர்ந்த காய்ந்த பழுப்பு இலை இரண்டு. பச்சை இலை வேண்டாம். மருந்து அடித்த மரமா என்று விசாரித்துவிட்டு, கழுவிப் போடுங்கள்.

காத்திருப்பது

தண்ணீர் ஊற்றி ஃபில்டரை ஓடவிட்டு, தினம் ஒரு சிட்டிகை மீன் தீனி போட்டு, 4 முதல் 6 வாரம் இறால் இல்லாமல் விடுங்கள். தீனி அழுகி அமோனியாவாகும், பாக்டீரியா அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும். டெஸ்ட் கிட்டில் அமோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் காட்டிய பிறகும் நான் இரண்டு வாரம் பொறுத்தேன். கண்ணாடியில் கை வைத்தால் வழுவழுவென்று ஒரு படலம் தட்டுப்பட வேண்டும். குஞ்சுகளுக்கு அதுதான் தாய்ப்பால். நண்பர் தொட்டியில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஃபில்டர் ஸ்பான்ஜ் கிடைத்தால் காத்திருக்கும் நாளில் பாதி மிச்சம்.

தண்ணீர்: நான் சறுக்கியது இங்கேதான்

எங்கள் போர் தண்ணீரின் டிடிஎஸ் (கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) 1100. பக்கெட்டில் வெள்ளை வெள்ளையாகப் படியும். இதில் இறாலா என்று பயந்து, சமையலறை ஆர்ஓ தண்ணீரை மட்டும் நிரப்பினேன். டிடிஎஸ் 40. நாம் குடிக்கிற சுத்தமான தண்ணீராயிற்றே, இதில் என்ன வந்துவிடப் போகிறது என்ற நினைப்பு.

மூன்றாவது வாரத்திலிருந்து இரண்டு நாளைக்கு ஒன்று செத்தது. ஒன்றை எடுத்து வெள்ளைத் தட்டில் வைத்துப் பார்த்தேன். தலைப்பகுதி ஓடும் உடலும் சேரும் இடத்தில், மோதிரம் போட்டதுபோல் சுற்றிலும் ஒரு வெள்ளைக் கோடு. இறால் வளர வளரப் பாம்பைப்போல் சட்டை உரிக்கும். ஒழுங்காக நடந்தால் பிடரியில் மட்டும் ஓடு பிளந்து, ஒரு துள்ளலில் வெளியே வந்துவிடும். அதற்குத் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் வேண்டும். என் ஆர்ஓ தண்ணீரில் அவை இல்லவே இல்லை. ஓடு சுற்றிலும் விரிந்து, வெளியே வர முடியாமல் உள்ளேயே செத்திருக்கின்றன.

டிடிஎஸ் மீட்டர் தண்ணீரில் எவ்வளவு கரைந்திருக்கிறது என்று சொல்லும், என்ன கரைந்திருக்கிறது என்று சொல்லாது. கால்சியம், மெக்னீசியத்தை அளக்க ஜிஎச் (தண்ணீரின் கடினத்தன்மை) சொட்டுக் கிட் தனியாக வேண்டும். 5 மில்லி தண்ணீரில் ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். ஆரஞ்சு பச்சையாக மாறும்போது எத்தனை சொட்டோ, அத்தனை டிகிரி. செர்ரிக்கு 6 முதல் 10 வரை நல்லது. எங்கள் போர் தண்ணீருக்கு முப்பது சொட்டு பிடித்தது. பாட்டிலே காலியாகிவிடும் போலிருந்தது. உங்கள் தண்ணீரும் இப்படியென்றால், பாதிக்குப் பாதி ஆர்ஓ கலந்து அளந்து, விடையை இரண்டால் பெருக்கிக்கொள்ளுங்கள்.

இப்போது கலவை. டிடிஎஸ் 200 போதும் என்று 10 லிட்டருக்கு ஒன்றரை லிட்டர் போர், மீதி ஆர்ஓ என்று கலந்தேன். மீட்டர் 199 காட்டியது. ஜிஎச் அளந்தால் நாலரைதான். போர் தண்ணீரை 2 லிட்டராக்கினேன்: டிடிஎஸ் 252, ஜிஎச் 6. அன்றிலிருந்து அதே கணக்கு. என் அளவை அப்படியே எடுக்காதீர்கள், உங்கள் போர் வேறு. மாடியில் சாஃப்ட்னர் இருந்தால் அதற்கு முன்னால் வரும் குழாயில் பிடியுங்கள். சாஃப்ட்னர் கால்சியத்தை எடுத்துவிட்டு சோடியத்தை வைத்துவிடும்.

மெட்ரோ வாட்டர் பயன்படுத்துவோர் குளோரின் நீக்கும் திரவம் இல்லாமல் ஒரு குவளைகூட ஊற்ற வேண்டாம்.

விடும்போது

பையை அப்படியே கவிழ்க்காதீர்கள். கடைத் தண்ணீரோடு ஒரு கிண்ணத்தில் விட்டு, ஏர் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டித் தண்ணீரை விநாடிக்கு இரண்டு சொட்டு வீதம் இறங்கவிடுங்கள். இரண்டு மணி நேரம். பிறகு வலையால் எடுத்து விடுங்கள், கடைத் தண்ணீர் செடிக்கு. நான் வாங்குவது சென்னையில் வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூரில்தான். அங்கே தொட்டி தொட்டியாகப் பார்த்து, பெரிதாக இல்லாமல் நடுத்தர அளவில் சுறுசுறுப்பாக மேய்கிறதா என்று கவனித்து வாங்கலாம். இறாலின் ஆயுளே ஒன்றிலிருந்து இரண்டு வருடம். கிழடு வாங்கிப் பயனில்லை.

சித்திரை வெயில்

தண்ணீர் 30 டிகிரியைத் தாண்டினால் கஷ்டம். மூடியை எடுத்துவிட்டு, நீர்மட்டத்தை உரசிப் போகிற மாதிரி சின்ன ஃபேன் வைத்தால் 2, 3 டிகிரி குறையும். ஆனால் தண்ணீர் வேகமாக ஆவியாகும். குறைந்த அளவுக்கு வெறும் ஆர்ஓ மட்டும் ஊற்றுங்கள். ஆவியாவது தண்ணீர்தான், உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். போன வருடம் ஒரு மாதம் கலவைத் தண்ணீரையே ஊற்றிக்கொண்டிருந்தேன், டிடிஎஸ் 400ஐத் தாண்டிவிட்டது. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கை மாற்றும்போது மட்டும் கலவை.

குஞ்சு

இதற்கென்று நீங்கள் செய்ய வேண்டியது அதிகமில்லை. பெண் இறாலின் தலைக்குப் பின்னால், முதுகில் மஞ்சளாகச் சேணம்போல் தெரிந்தால் முட்டை தயாராகிறது. அது சட்டை உரித்த அன்று ஆண்கள் தொட்டி முழுக்கப் பைத்தியம் பிடித்ததுபோல் நீந்தும். பயந்துபோய்த் தண்ணீரை மாற்றிவிடாதீர்கள். அடுத்த நாள் பார்த்தால் வயிற்றுக்கடியில் 20, 30 முட்டை. சினை இறால் அதைக் காலால் விசிறிக்கொண்டே இருக்கும். மூன்று நான்கு வாரத்தில் 2 மில்லிமீட்டரில் பெரிய இறாலின் அச்சாகவே குஞ்சு வெளியே வரும். கப்பி போன்ற மீன் அந்தத் தொட்டியில் இருந்தால் அதற்கு அது விருந்து.

தீனி வாரம் மூன்று நாள். வெந்நீரில் போட்டெடுத்த பசலைக்கீரை ஒரு இலை, இரண்டு மணி நேரத்தில் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மார்க்கெட் கீரையில் பூச்சிமருந்து இருக்கலாம். நான் மாடித்தொட்டிக் கீரை மட்டுமே போடுகிறேன்.

பின்சேர்க்கை 1: ஒரு வாசகருக்கு எல்லா அளவும் சரி, ஆனாலும் ஒரே இரவில் முக்கால்வாசி போயிற்று. விசாரித்தால் தொட்டி படுக்கையறையில், அதே சுவரில் கொசு லிக்விட். கொசுவைக் கொல்லும் பைரித்ராய்டு இறாலுக்கும் எமன். வேறு அறைக்கு மாற்றுங்கள், கரப்பான் ஸ்பிரே அடிக்கும் நாளில் ஏர் பம்பை நிறுத்தித் தொட்டியை மூடுங்கள். செம்பு கலந்த மீன் மருந்தும் இதே கதைதான்.

பின்சேர்க்கை 2: கடலோரத்தில் இருக்கும் இருவர், போர் டிடிஎஸ் 1800 இருந்தும் கலந்த பிறகு ஜிஎச் 3கூட வரவில்லை என்று எழுதியிருந்தார்கள். அது கடலுப்பு. அந்தப் போரை மறந்துவிடுங்கள். வெறும் ஆர்ஓ தண்ணீரில் இறாலுக்கென்றே விற்கும் தாதுப்பொடியைக் கரையுங்கள். சால்ட்டி ஷ்ரிம்ப் ஜிஎச்/கேஎச்+ நன்றாக இருக்கிறது. விலை கூடத்தான், ஆனால் ஒரு டப்பா இந்த அளவு தொட்டிக்கு ரொம்ப நாள் வரும். பொடியைத் தொட்டியில் நேரடியாகத் தூவாமல் பக்கெட்டில் கரைத்து, மீட்டரில் பார்த்த பிறகு ஊற்றுங்கள். அந்த இருவரில் ஒருவர், தன் தொட்டியின் முதல் சினை இறாலைப் போன வாரம் பார்த்தாராம்.