காட்பாடிக்கு நேரில் போய் ஃபார்ம் கேட்காதீர்கள்

பிளஸ் டூ ரிசல்ட் வந்த வாரமே ஆரம்பித்துவிடும். "சார், பையனை லா படிக்க வைக்கலாம்னு இருக்கோம், காட்பாடி காலேஜ்ல ஃபார்ம் எப்போ தருவாங்க?" என்று குடியாத்தத்திலிருந்து ஒரு போன், ஆம்பூரிலிருந்து ஒன்று, அப்புறம் என் தெருவிலேயே ஒருவர். சத்துவாச்சாரி கோர்ட்டில் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு திரிகிற எல்லாருக்கும் இந்த போன் வரும்.

அங்கே ஃபார்ம் தர மாட்டார்கள். 2008-ல் வந்த, காட்பாடியில் இருக்கும் வேலூர் அரசு சட்டக் கல்லூரி உட்பட தமிழ்நாட்டின் அரசு சட்டக் கல்லூரிகள் எல்லாவற்றுக்கும் சேர்க்கை ஒரே இடத்தில்தான். சென்னையில் இருக்கும் தமிழ்நாடு டாக்டர் அம்பேத்கர் சட்டப் பல்கலைக்கழகம் நடத்துகிறது, விண்ணப்பம் ஆன்லைனில். ஐந்து வருடப் படிப்புக்கு பிளஸ் டூ மார்க், மூன்று வருடப் படிப்புக்கு டிகிரி மார்க், இட ஒதுக்கீட்டோடு ஒரு தரவரிசை, கவுன்சிலிங், அவ்வளவுதான். நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூவில் எந்த குரூப் எடுத்திருந்தாலும் சரி. "பிரின்சிபாலைத் தெரியும், சீட் வாங்கித் தர்றேன்" என்று யாராவது அட்வான்ஸ் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள், அரசுக் கல்லூரியில் மேனேஜ்மென்ட் கோட்டா என்று ஒன்று இல்லவே இல்லை.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. திருச்சியில் இருக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகத்தில் சேர ஆசைப்பட்டு மே மாதம் விசாரிப்பார்கள். அதற்கு கிளாட் என்கிற அகில இந்திய நுழைவுத் தேர்வு எழுதியிருக்க வேண்டும், அந்தத் தேர்வு இப்போதெல்லாம் முந்தைய டிசம்பரிலேயே முடிந்துவிடுகிறது. 2025-ல் சேர்ந்தவர்கள் 2024 டிசம்பர் 1-ம் தேதியே எழுதிவிட்டார்கள். இரண்டு மணி நேரம், 120 கேள்வி, முழுக்க ஆங்கிலம், தப்பான விடைக்குக் கால் மார்க் போகும். பிள்ளை பிளஸ் டூவில் காலாண்டுத் தேர்வுக்குப் படிக்கிற நேரத்தில் இதற்கு விண்ணப்பித்திருக்க வேண்டும், மார்க் ஷீட் வந்த பிறகு இல்லை. (இன்னொன்று, "விஐடி நம்ம ஊர்தானே, அங்கேயே லா சேர்த்துடலாம்" என்பவர்கள் கவனிக்க: அவர்களுடைய சட்டப் பள்ளி சென்னை வளாகத்தில் இருக்கிறது.)

சரி, ஆன்லைன் விண்ணப்பத்துக்கு வருவோம், ஏனென்றால் நான் பார்த்தவரை மார்க் இருந்தும் சீட்டைக் கோட்டை விடுபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் விடுகிறார்கள். மேல்விஷாரத்துப் பெண் ஒருத்தி, நல்ல மார்க், அப்பா ஷூ கம்பெனியில் வேலை. பிரவுசிங் சென்டரில் போய் உட்கார்ந்திருக்கிறார்கள். அங்கே இருந்த தம்பி ஒரே நாளில் பத்து விண்ணப்பம் போடுகிற அவசரத்தில், ஓ.டி.பி. சீக்கிரம் வரட்டும் என்று கடை மொபைல் நம்பரையே கொடுத்துவிட்டான், ஈமெயிலும் கடையுடையது. வகுப்பு கேட்ட இடத்தில் 'பி.சி.' என்று தட்டிவிட்டான். அவள் கையில் இருந்த சான்றிதழில் இருப்பதோ 'பி.சி. முஸ்லிம்', அதற்குத் தனியாக 3.5 சதவீதம் இருக்கிறது. கவுன்சிலிங் அழைப்பு கடை நம்பருக்குப் போனது, கடைக்காரருக்கு இவர்கள் யார் என்றே நினைவில்லை. பக்கத்து வீட்டுப் பையன் தரவரிசை வந்துவிட்டது என்று சொல்லித்தான் தெரிந்திருக்கிறது. அதற்கப்புறம் வகுப்பைத் திருத்த அப்பாவும் மகளும் அலைந்த அலைச்சலை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். உங்கள் நம்பர், உங்கள் ஈமெயில், சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக நீங்களே படித்த பிறகுதான் கடைசி பட்டன். தம்பி முறைத்தால் முறைக்கட்டும்.

மாவட்டத்தையும் பாருங்கள். அப்பாவின் சான்றிதழில் வட ஆற்காடு என்று இருக்கும், அண்ணனுடையதில் வேலூர், உங்களுடையதில் ராணிப்பேட்டையோ திருப்பத்தூரோ. 1989-ல் ஒருமுறை பிரித்தார்கள், 2019-ல் மறுபடி மூன்றாகப் பிரித்தார்கள், நாம் வாய்ப்பழக்கத்தில் இன்னும் வேலூர் மாவட்டம் என்றே சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆற்காட்டில் வீடு இருந்தால் இப்போது ராணிப்பேட்டை, வாணியம்பாடி என்றால் திருப்பத்தூர். எல்லையோரம் இருந்து சித்தூர் பக்கமோ கோலார் தங்கவயல் பக்கமோ பள்ளிக்கூடம் படித்தவர்கள் நேட்டிவிட்டி சர்டிபிகேட்டுக்கு முன்கூட்டியே இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துவிடுங்கள், கடைசி வாரத்தில் தாலுகா ஆபீஸ் உங்களுக்காகக் காத்திருக்காது.

அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத ஒதுக்கீடு 2021-லிருந்து சட்டப் படிப்புக்கும் உண்டு, ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நம் பக்கம் அரசு உதவி பெறும் பள்ளிகள் அதிகம். "வாத்தியாருக்கு கவர்மென்ட்தானே சம்பளம் தருது" என்று அதையும் அரசுப் பள்ளி என்று போட்டுவிடுகிறார்கள். அது கணக்கில் வராது. நடுவில் பள்ளி மாறியவர்கள் ஒவ்வொரு பள்ளித் தலைமை ஆசிரியரிடமும் கையெழுத்து வாங்க வேண்டும், மே மாத லீவில் அவரைப் பிடிப்பது தனிக் கதை.

மூன்று வருடப் படிப்புக்கு வருபவர்களில் பலர் வேலையில் இருப்பவர்கள், அவர்கள் செய்வது வேறு வகைத் தவறு. பத்தாவது, பன்னிரண்டாவது முடிக்காமல் நேரடியாகத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் வாங்கிய டிகிரி எல்.எல்.பி.க்குச் செல்லாது, சட்டப் படிப்பையும் வக்கீல் தொழிலையும் நெறிப்படுத்துகிற பார் கவுன்சிலின் 2008 விதிகளிலேயே இருக்கிறது. வரிசையாகப் படித்துவிட்டு டிகிரியை மட்டும் தபாலில் படித்திருந்தால் பிரச்சினை இல்லை. ஆனால் எல்.எல்.பி.யையே தபாலில் படிக்க முடியாது, யார் என்ன விளம்பரம் கொடுத்தாலும்.

அடுத்தது நம் ஊருக்கே உரிய வியாதி. காட்பாடியில் ரயில் ஏறினால் கொஞ்ச நேரத்தில் ஆந்திரா. "அங்க ஒரு காலேஜ் இருக்கு சார், பரீட்சைக்குப் போனா போதும்" என்பார்கள். லெட்டர்பேட் கல்லூரி என்று நாங்கள் சொல்வது இதைத்தான். முறையாக நடக்கிற கல்லூரிகள் அங்கேயும் இருக்கின்றன, நான் அவற்றைச் சொல்லவில்லை. விதிப்படி ஒவ்வொரு பாடத்துக்கும் 70 சதவீத வருகை வேண்டும். தோல் ஷெட்டில் சூப்பர்வைசராக இருந்த ஒருவர் மூன்று வருடமும் ராணிப்பேட்டையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டே பாஸ் செய்துவிட்டார், ஸ்வீட் கூடக் கொடுத்தார். ஆனால் அந்த மூன்று வருடத்துக்கும் மாதம் தவறாமல் அவருடைய பி.எஃப். கணக்கில் பணம் ஏறியிருக்கிறது. பகலில் ஷெட்டிலும் இருந்தேன் கிளாஸிலும் இருந்தேன் என்று பார் கவுன்சிலில் எப்படிச் சொல்வது என்று என்னிடம் வந்து கேட்டார். என்னிடம் பதில் இல்லை. பட்டம் பீரோவில் இருக்கிறது, அவர் ஷெட்டில் இருக்கிறார்.

2022-ல் யு.ஜி.சி. ஒரே நேரத்தில் இரண்டு டிகிரி படிக்கலாம் என்றதை நம்பி எல்.எல்.பி.யோடு ரெகுலர் எம்.ஏ.வும் சேராதீர்கள், சட்டப் படிப்புக்கு பார் கவுன்சில் விதி அதை விடாது. தொலைநிலையில் என்றால் விலக்கு இருக்கிறது.

என்ரோல்மென்டுக்கு, அதாவது படித்து முடித்து வக்கீலாகப் பார் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள, லட்சக்கணக்கில் ஆகும் என்று பயந்தே பின்வாங்குகிறவர்களும் உண்டு. 2024 ஜூலையில் உச்ச நீதிமன்றம் சொன்னபடி பொதுப் பிரிவுக்கு 750 ரூபாய், எஸ்.சி., எஸ்.டி.க்கு 125 ரூபாய், பதிவுக் கட்டணம் அதற்கு மேல் வாங்கக் கூடாது.

கடைசியாக இனிஷியல். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டில் பெயர் எப்படி இருக்கிறதோ, புள்ளி உட்பட, அப்படியே விண்ணப்பத்தில் போடுங்கள். நான் போடவில்லை. ஸ்டைலாக இருக்கட்டும் என்று ஊர்ப் பெயரின் எழுத்தையும் சேர்த்து இரண்டு இனிஷியலாகக் கொடுத்தேன், பட்டச் சான்றிதழ் வரை அப்படியே போய்விட்டது. என்ரோல்மென்ட் நேரத்தில் இரண்டும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க அபிடவிட், கெஜட் என்று அலைந்ததில் மூன்று மாதம் ஓடிவிட்டது. வக்கீலுக்கு சீனியாரிட்டி பதிவு செய்த தேதியை வைத்துத்தான். கல்லூரியில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் ரெக்கார்டைப் பார்த்து எழுதியவன் இன்றைக்கும் என்னைவிட மூன்று மாதம் சீனியர், கோர்ட் டீக்கடையில் காசு கொடுக்கிற நேரம் வந்தால் மட்டும் அதை மறந்துவிடுவான்.