பழைய ஸ்போர்ட்ஸ் காரில் தளர்ந்த கியர் லிங்கேஜைச் சரிசெய்வது

நியூட்ரலில் லீவர் தொளதொளவென்று ஆடுகிறது, இரண்டாவதைத் தேடினால் நான்காவது விழுகிறது என்றால், கியர்பாக்ஸைக் கழற்றும் முன் லிங்கேஜை, அதாவது லீவரைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும் ராடுகளையும் இணைப்புகளையும், பாருங்கள். பெரும்பாலும் தேய்ந்திருப்பது நைலான் புஷ்கள்தான் (இணைப்புகளில் பின் என்னும் ஊசியைச் சுற்றியுள்ள சிறு வளையங்கள்). லீவர் சரியான இடத்துக்குப் போயும் கியர் கறகறத்தால் அது கிளட்ச் அல்லது சின்க்ரோ (கியர்களின் வேகத்தை ஒன்றாக்கும் பாகம்) கோளாறு. லிங்கேஜில் கை வைத்துப் பயனில்லை.

சின்ன ஆட்டம் எப்படிப் பெரிதாகிறது? லீவரின் குமிழ், அது திரும்பும் மையமான பிவட்டுக்கு மேலே 250 மி.மீ., லீவரின் கீழ்முனை பிவட்டுக்குக் கீழே 50 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம். கீழே அரை மி.மீ. ஆட்டம் இருந்தால் குமிழில் இரண்டரை மி.மீ. தெரியும். இப்படி நான்கு இணைப்பு இருந்தால் 10 மி.மீ. அதனால் ஒரு புஷ்ஷை மட்டும் மாற்றி நிறுத்தாதீர்கள், எல்லாவற்றையும் ஒரே தடவையில் மாற்றுங்கள்.

சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, காரை ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஒருவர் லீவரை மெல்ல ஆட்ட, இன்னொருவர் ஒவ்வொரு இணைப்பிலும் விரல் வைத்துப் பார்க்கட்டும். இணைப்பின் பின் (ஊசி) நகர்ந்தும் அடுத்த ராடு நகராத இடம்தான் தேய்ந்த இடம். பழைய போர்ஷே 911-இல் லீவரின் அடியிலுள்ள பந்துக் கப், பின்சீட்டுகளுக்கு நடுவே மூடிக்குக் கீழுள்ள கப்ளிங் இரண்டையும் முதலில் பாருங்கள்.

ராடை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பைத் தளர்த்தும் முன் ராடும் கிளாம்பும் சேரும் இடத்தில் பெயின்ட்டால் கோடு போடுங்கள். பழைய புஷ் பொடிப்பொடியாக உடைந்து வரும். துண்டுகளை ஒன்று விடாமல் எடுங்கள். புது நைலான் புஷ்ஷைச் சுத்தியலால் அடித்தால் விளிம்பு பிளந்துவிடும். கொதித்த நீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, வைஸில் வைத்து அழுத்தினால் அழகாக உட்காரும்.

பின்னைத் துடைத்து நகத்தால் வருடுங்கள். பள்ளம் தட்டினால் பின்னையும் மாற்றுங்கள், இல்லாவிட்டால் அது புது புஷ்ஷை அரைத்துவிடும். புஷ் இல்லாமல் பின் நேரடியாக இரும்பில் ஓடுகிற இணைப்புகளும் உண்டு. அங்கே 8 மி.மீ. ஓட்டை நீள்வட்டமாகியிருந்தால், 10 மி.மீ.க்கு ரீமர் (ஓட்டையைத் துல்லியமாகப் பெரிதாக்கும் கருவி) போட்டு, உள்விட்டம் 8 மி.மீ. உள்ள வெண்கல ஸ்லீவை அழுத்திப் பொருத்துங்கள். எல்லா இடத்திலும் வெண்கலம் போடுவதைப் பரிந்துரைக்க மாட்டோம்: ஆட்டம் குறையும், ஆனால் கியர்பாக்ஸின் அதிர்வு முழுக்கக் கைக்கு வரும்.

சரிப்படுத்துவதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புது புஷ் வந்ததும் பழைய கோடு தோராயம்தான். கிளாம்ப் தளர்வாக இருக்க, கியர்பாக்ஸ் நியூட்ரலில் இருக்கிறதா என்று பாருங்கள். லீவரையும் கியர்பாக்ஸ் தண்டையும் ஒரே கியர் வரிசையின் ஓரத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு கிளாம்பை இறுக்குங்கள். எந்த ஓரம், எவ்வளவு டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) என்பது காரின் பட்டறைக் கையேட்டில் இருக்கும்.

எஞ்சினை அணைத்தபடியே ஒவ்வொரு கியரையும் போட்டுப் பாருங்கள். ஏறாவிட்டால் வலுக்கட்டாயம் வேண்டாம். தூக்கியுள்ள சக்கரத்தைக் கையால் சற்றே சுழற்றினால் பற்கள் பொருந்திக்கொள்ளும். கியர் விழுந்த பிறகும் லீவர், டனலில் (கார் தளத்தின் நடு மேட்டில்) உள்ள ஓட்டையின் விளிம்பில் முட்டாமல் கொஞ்சம் இடைவெளி இருக்க வேண்டும். முட்டினால் கியர் முழுதாக விழவில்லை, ஓட்டும்போது கழன்றுவிடும். இடைவெளி இருந்தும் வேகமெடுக்கையில் கழன்றால் கியர்பாக்ஸைத் தாங்கும் மவுண்ட்டின் ரப்பரைப் பாருங்கள்.