ஹைப்பர்சோனிக் எந்திரங்களை எந்த வரிசையில் கற்பது?

ஒலியைவிட ஐந்து மடங்குக்கும் மேற்பட்ட வேகத்தில் (ஹைப்பர்சோனிக்) பறப்பதற்கான எந்திரங்களைப் படிக்கும் இத்துறைக்குப் புதிதாக வருவோர் பலரும், அத்தகைய வேகத்தில் வெளிக்காற்றை உள்வாங்கி எரிபொருளை எரிக்கும் ஸ்க்ராம்ஜெட் எந்திரத்தின் குறுக்குவெட்டுப் படத்திலிருந்தே தொடங்குகின்றனர். சுழலும் பாகம் எதுவும் இல்லாததால் அது வெறும் குழாய் போலத் தோன்றும். ஆனால் அந்தக் குழாயின் ஒவ்வொரு வளைவுக்கும் காரணம் வெப்பத்தில் இருப்பதால், எந்திரத்துக்கு முன் வெப்ப இயக்கவியலையும் அமுங்கும் காற்றின் பாய்வையும் படிப்பதே சரி.

முதல் கணக்கைக் கையால் போட்டுப் பாருங்கள். மாக் எண்ணின் (ஒலியின் வேகத்தைப் போல் எத்தனை மடங்கு வேகம் என்பதன்) வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கி 1-ஐக் கூட்டினால், ஓடிவரும் காற்றை முற்றிலும் நிறுத்தும்போது அதன் வெப்பநிலை எத்தனை மடங்காகும் என்பது கிடைக்கும். மாக் 5-க்கு விடை 6. ஏறத்தாழ 20 கிலோமீட்டர் உயரத்தில் 217 கெல்வினில் இருக்கும் காற்று, அப்போது 1,300 கெல்வினைத் தொடும். மாக் 7-க்கு இதே சூத்திரம் 2,300 கெல்வினுக்கும் மேல் காட்டும். அந்த வெப்பத்தில் மூலக்கூறுகளின் அதிர்வும் ஆற்றலை உறிஞ்சுவதால், சூத்திரத்தின் விடையை அப்படியே நம்பக் கூடாது.

ஸ்க்ராம்ஜெட்டின் முன்னோடியான ராம்ஜெட் எந்திரம் காற்றை ஒலியின் வேகத்துக்குக் கீழே இறக்கி எரிக்கிறது. மாக் 5-ஐத் தாண்டியபின் அவ்வாறு இறக்கினால், காற்று அளவுக்கு மீறிச் சூடாகி, எரிபொருள் தரும் ஆற்றலில் ஒரு பகுதி மூலக்கூறுகளைப் பிளப்பதிலேயே செலவாகிவிடும். ஆகவே ஸ்க்ராம்ஜெட்டில் எரிப்பு ஒலியைவிட வேகமான (சூப்பர்சோனிக்) பாய்விலேயே நிகழ்கிறது. ஒரு மீட்டர் நீள எரியறையை விநாடிக்கு 1,500 மீட்டர் வேகத்தில் கடக்கும் காற்றுக்கு ஆயிரத்தில் ஒரு விநாடி கூட அவகாசமில்லை; அதற்குள் எரிபொருள் கலந்து, பற்றி, எரிந்து முடிய வேண்டும்.

சூப்பர்சோனிக் பாய்வில் அழுத்தமும் வெப்பமும் திடீரென உயரும் மெல்லிய அடுக்குகளான அதிர்ச்சி அலைகளுக்கே அதிக நேரம் ஒதுக்குங்கள் என்பது என் பரிந்துரை. மாக் 5 பாய்வு செங்குத்தான ஓர் அதிர்ச்சி அலையைக் கடந்தால் மொத்த அழுத்தத்தில் (பாய்வை இழப்பின்றி நிறுத்தினால் கிடைக்கும் அழுத்தத்தில்) சுமார் 6 விழுக்காடே எஞ்சும். அதே பாய்வை 10 பாகை ஆப்பு ஒன்றினால் திருப்பினால், உருவாகும் சாய்வான அலைக்குப் பின் ஏறத்தாழ 87 விழுக்காடு எஞ்சும். ஹைப்பர்சோனிக் ஊர்திகளின் அடிப்பகுதி முன்பக்கம் நீண்டு சரிந்திருப்பதன் காரணம் இந்த இரு எண்களில் அடங்கியிருக்கிறது. எல்லைப் படலத்தை (சுவரை ஒட்டி மெதுவாகச் செல்லும் காற்றின் மெல்லிய அடுக்கை) இதற்குப் பின் படித்தால் போதும்.

பிறகு பறந்து காட்டிய ஊர்திகளை ஒப்பிடலாம். 2004 நவம்பரில் அமெரிக்காவின் ஆளில்லாச் சோதனை ஊர்தியான எக்ஸ்-43ஏ ஹைட்ரஜனை எரித்து மாக் 9.6 அளவை எட்டியது. எந்திரம் இயங்கியது பத்து விநாடி அளவே. 2013 மே 1 அன்று அந்நாட்டின் இன்னொரு ஆளில்லா ஊர்தியான எக்ஸ்-51ஏ மாக் 5.1-ஐ எட்டியது, அதன் எந்திரமோ மூன்று நிமிடத்துக்கும் மேல் இயங்கியது. பின்னதில் ஹைட்ரோகார்பன் எரிபொருளே எரியறைச் சுவரைக் குளிர்வித்துவிட்டு எரியப் போனது. வேகத்தைவிட வெப்பத்தைத் தாங்கும் நேரமே கடினமான சிக்கல் என்பது இந்த ஒப்பீட்டில் புலப்படும்.

கணினி உருவகப்படுத்தலைக் கடைசியில் தொடுங்கள். ஓப்பன்ஃபோம், எஸ்யூ2 ஆகிய இலவச மென்பொருள்களில் ஒன்றை எடுத்து, மேற்சொன்ன 10 பாகை ஆப்பையே முதலில் இயக்குங்கள். அலையின் கோணம் 19.4 பாகைக்கு அருகில் வரவில்லையெனில், எரியறைக்குப் போகுமுன் வலைப்பின்னலையும் (பாய்வை மென்பொருள் சிறு கட்டங்களாகப் பிரிக்கும் அமைப்பு) ஓரங்களில் கொடுத்த எல்லை நிபந்தனைகளையும் சரிபார்க்க வேண்டும்.