டெலீட் போடும் முன் ஒரு நிமிடம்
டேட்டாபேஸ் டேபிளில் ஒரே வாடிக்கையாளர் மூன்று முறை பதிவாகியிருக்கிறாரா? ஒரே மாதிரி வரிகளை ஒருமுறை மட்டும் காட்டும் டிஸ்டிங்க்ட் போட்டால், கூடுதல் பதிவுகள் விடையில் மட்டும்தான் மறையும். டேபிளில் அப்படியே இருக்கும்.

மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் 8.0 முதல், வரிகளுக்கு வரிசை எண் தரும் ரோ நம்பர் வசதி இருக்கிறது. பார்ட்டிஷன் பை மொபைல் எண் (எண்வாரியாகக் குழு பிரிக்க), ஆர்டர் பை ஐடி (ஐடி வரிசையில் அடுக்க) என்று கொடுத்தால் ஒவ்வொரு குழுவிலும் 1, 2, 3 என எண் விழும். 1 பெற்ற வரியை வைத்துக்கொண்டு மற்ற ஐடிகளை நீக்குங்கள். ஆனால் மொபைல் எண் 'நல்' (மதிப்பே இல்லாதது) ஆக உள்ள வரிகளை முன்பே ஒதுக்கிவிட வேண்டும். இல்லையெனில் எண் தராத அத்தனை பேரும் ஒரே குழுவாகி, ஒருவர் மட்டுமே மிஞ்சுவார். நான் ஒருமுறை இதில் வசமாக மாட்டியிருக்கிறேன். டிரான்சாக்‌ஷனைத் தொடங்கியிருந்ததால் செய்த மாற்றத்தைத் திரும்பப் பெறும் ரோல்பேக் காப்பாற்றியது.

நீக்கப்போகும் ஐடிகளின் பெயரில் ஆர்டர்கள் இருந்தால் அவற்றை முதலில் வைத்துக்கொள்ளும் ஐடிக்கு மாற்றிவிடுங்கள். வேலை முடிந்ததும் மொபைல் எண்ணுக்கு, ஒரே எண் மறுபடி பதிவாகாமல் தடுக்கும் யூனிக் இன்டெக்ஸ் போடுங்கள்.