பரங்கிமலைக்குப் போகும் முன்: உடற்பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்எஸ்பி நேர்காணலின் ஐந்து நாட்களைத் தாண்டி, மெடிக்கலும் முடிந்து, மெரிட் லிஸ்டில் பெயர் வந்த பிறகுதான் பலர் ஓடவே தொடங்குகிறார்கள். சென்னை பரங்கிமலையில் உள்ள அதிகாரிகள் பயிற்சி அகாடமியிலிருந்து ஜாயினிங் லெட்டர் வரும்போது பெரும்பாலும் சில வாரங்களே மிச்சம் இருக்கும். அதற்குள் எல்லாவற்றையும் எட்டிப் பிடித்துவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே முளைக்கின்றன.

உடம்பு முழுவதும் ஒரே வேகத்தில் பழகுவதில்லை. மூச்சும் இதயமும் சில வாரங்களிலேயே தேறிவிடும், தசையும் ஓரளவு அப்படித்தான். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். புதிதாக அதிர்ச்சி விழத் தொடங்கினால், எலும்பு முதலில் பழைய பகுதியைக் கரைத்துவிட்டு, அதன்பிறகுதான் புதியதைக் கட்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட வாரங்களில் அது முன்பைவிட வலுக்குறைந்து நிற்கும். அந்த நேரம் பார்த்து, மூச்சு வாங்குவது குறைந்துவிட்டதே என்று தூரத்தைக் கூட்டுகிறோம். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பில் வலி தொடங்கும். அதை மதிக்காமல் ஓடினால் நூலளவு விரிசலாகும். ஸ்ட்ரெஸ் ஃப்ராக்சர் என்று டாக்டர்கள் சொல்வது இதைத்தான். பயிற்சிக் காலத்தில் இது வந்தால் பல வாரங்கள் ஓட்டம் கிடையாது. உடற்தகுதித் தேர்வுகள் தவறிப்போனால் கோர்ஸில் பின்னுக்குத் தள்ளிவிடுவார்கள். ‘ரெலிகேட்’ என்ற அந்த ஒரு சொல்லுக்குத்தான் கெடெட்டுகள் அதிகம் பயப்படுகிறார்கள்.

அதனால் ரிசல்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். எழுத்துத் தேர்வுக்குப் படிக்கும்போதே வாரம் மூன்று நாள் ஓடுங்கள். ஒரு வாரத்துத் தூரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அடுத்த வாரம் கூட்ட வேண்டாம், நான்காவது வாரம் சற்றுக் குறையுங்கள். ஆறு மாதம் இப்படிப் போனால் எலும்பும் மூச்சுக்கு ஈடாக வந்துவிடும்.

அடுத்தது, அறிவிப்பில் உள்ள எண்களையே முடிவாக எடுத்துக்கொள்வது. ஆண்களுக்கு 2.4 கிலோமீட்டரை 10 நிமிடம் 30 விநாடியில் ஓட வேண்டும், தண்டால் 40, சிட்-அப் 30, புல்-அப் 6 என்று இராணுவத்தின் அண்மை ஆள்சேர்ப்பு அறிவிப்புகள் சொல்கின்றன. அது வாசற்படி அளவுதான். உள்ளே போனபின் பிபிஇடி என்ற போர் உடல்திறன் தேர்வில் பூட்ஸ், துப்பாக்கி, முதுகுச் சுமையோடு 5 கிலோமீட்டர் ஓட வேண்டும், கயிறு ஏற வேண்டும், 9 அடிப் பள்ளத்தைத் தாண்ட வேண்டும். இதை நினைத்துப் பயந்து தினமும் ஸ்டாப்வாட்சும் கையுமாக 2.4-ஐ முழு வேகத்தில் ஓடுபவர்களும் உண்டு. அதுவும் வீண். வார ஓட்டத்தில் பெரும்பகுதி, பக்கத்தில் ஓடுபவரோடு பேசிக்கொண்டே போகும் வேகத்தில் இருக்கட்டும். வேக ஓட்டம் வாரம் ஒரு நாள் போதும்.

ஜிம்மில் நெஞ்சையும் கையையும் மட்டும் பெருக்குவதில் எனக்கு உடன்பாடில்லை. கயிறு ஏறும்போது கூடுதல் எடை முழுவதையும் நீங்கள்தான் மேலே இழுக்க வேண்டும். புல்-அப், பிடிவலு, வயிறு, இடுப்பு, ஒற்றைக்கால் பஸ்கி இவைதான் கைகொடுக்கும். டிரெட்மில்லில் மட்டும் ஓடிப் பழகிய கால், கரடுமுரடான தரையில் முதல் வாரமே திணறும்.

‘அகாடமியில் எப்படியும் சுமையோடுதானே ஓடவைப்பார்கள்’ என்று வீட்டிலேயே 15 கிலோ பையை மாட்டிக்கொண்டு ஓடாதீர்கள். சுமையோடு நடந்தால் போதும். ஐந்து கிலோவில் தொடங்கி மெதுவாக ஏற்றுங்கள். பூட்ஸிலும் முதலில் நடக்க மட்டும் பழகுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படவைப்பது, வலி மாத்திரை போட்டுக்கொண்டு ஓடும் பழக்கம். வலி என்ற எச்சரிக்கை அமுங்கிவிடும், விரிசல் வளர்ந்துகொண்டே இருக்கும். உடம்பில் நீர் குறைந்திருக்கும்போது அந்த மாத்திரைகள் சிறுநீரகத்தையும் பாதிக்கும். திடீரென்று ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் பஸ்கி போட்டால் தசை சிதைந்தும் சிறுநீரகம் கெடலாம். சிறுநீர் டிக்காஷன் நிறத்தில் போனால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். எலும்பின் ஒரே புள்ளியில் விரலால் அழுத்தினால் வலிக்கிறதா? ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். வீட்டில் இருக்கும்போது இரண்டு வாரம் ஓய்வெடுப்பதில் எந்த நஷ்டமும் இல்லை.

வெயிலையும் சேர்த்துத்தான் பழக வேண்டும். பரங்கிமலையில் ஏப்ரலில் தொடங்கும் கோர்ஸ் நேராகச் சென்னைக் கோடைக்குள் நுழையும். விடியற்காலையிலேயே ஓடிப் பழகியவர்கள், சேருவதற்கு முந்தைய இரண்டு வாரமாவது வெயிலில் கொஞ்சம் கொஞ்சமாக உடம்பைப் பழக்க வேண்டும். நண்பகலில் தனியாக ஓடிப் பார்க்கும் வீரம் வேண்டாம். தலைசுற்றல், பேச்சுக் குழறல் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, நிழலில் உடம்பைக் குளிர்வித்து, உடனே மருத்துவ உதவி தேடுங்கள்.

மெடிக்கலில் எடை கூடுதல் என்று சொல்லிவிடுவார்களோ என்று பட்டினி கிடப்பது எலும்பையும் பலவீனப்படுத்தும். கேழ்வரகு, பால், முட்டை, மீன், பயறு என்று சாப்பிட்டுக்கொண்டே எடையை நிதானமாக இறக்குங்கள். பரங்கிமலையில் பெண்களும் 1992 முதல் பயிற்சி பெறுகிறார்கள். இரும்புச்சத்துக் குறைவும் மாதவிடாய் தவறுவதும் அவர்கள் அலட்சியப்படுத்தக் கூடாத அறிகுறிகள்.

நீச்சலை மறந்தே போகிறவர்கள் பலர். ஊர்க் கிணற்றில் குதித்துப் பழகியவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. மற்றவர்கள் இப்போதே ஒரு நீச்சல்குளத்தில் சேர்ந்துவிடுங்கள். உள்ளே போனபின் கற்றுக்கொள்வதென்றால், ஓய்வுக்குக் கிடைக்கும் கொஞ்ச நேரமும் அதிலேயே போகும்.

கடைசிப் பத்து நாளில் ஓட்டத்தைப் பாதியாகக் குறைத்து, நன்றாகத் தூங்குங்கள். நகம் சதைக்குள் வளர்ந்திருந்தாலோ, கால்விரல் இடுக்கில் சேற்றுப்புண் இருந்தாலோ இப்போதே வைத்தியம் பார்த்துவிடுங்கள், பூட்ஸுக்குள் அவை ஆறாது.