பீர் 85 டிகிரியா? சென்சார் உளறுகிறது!

பழைய ஃப்ரிட்ஜில் பீரை நொதிக்க வைத்து, ஆர்டுயினோவும் (நிரல் ஓடும் குட்டிப் பலகை) ரிலேயும் (அது இயக்கும் சுவிட்ச்) கொண்டு 18 டிகிரியில் நிறுத்தி வைத்திருப்பீர்கள். கம்ப்ரஸர் நிற்கும் நொடியில் திரையில் 85 அல்லது மைனஸ் 127 வந்தால் பயப்பட வேண்டாம். வெப்பநிலையை அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார் மின்சாரம் போய் மறுபடி எழுந்ததும் முதலில் சொல்லும் எண் 85. சென்சாரிடமிருந்து பதிலே வராதபோது நிரல் காட்டுவது மைனஸ் 127.

கம்ப்ரஸரை ரிலே துண்டிக்கும்போது பறக்கும் தீப்பொறிதான் பெரும்பாலும் காரணம். சந்தேகமா? கம்ப்ரஸருக்குப் பதில் ஒரு குண்டு பல்பை மாட்டிப் பாருங்கள். உளறல் நின்றுவிட்டால் ஆள் அகப்பட்டான்.

முதலில் காசில்லாத வைத்தியம்: சென்சார் வயரை 230 வோல்ட் வயரிலிருந்து பிரித்துத் தள்ளி வையுங்கள். நான் இரண்டையும் கதவு ரப்பர் ஓரமாக ஒரே டேப்பில் சுற்றி வைத்திருந்தேன், அழகுக்காக! அப்புறம் சென்சாரின் டேட்டா வயருக்கும் 5 வோல்ட்டுக்கும் நடுவே 4.7 கிலோஓம் ரெசிஸ்டர் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கும் அடங்காவிட்டால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு, கம்ப்ரஸரைத் துண்டிக்கும் ரிலே முனைகளுக்குக் குறுக்கே, தீப்பொறியை அடக்கும் ஸ்னப்பர் போடுங்கள்: 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக. கெப்பாசிட்டர் வீட்டு மின்சாரத்துக்கென்றே செய்த எக்ஸ்2 வகையாகவே இருக்க வேண்டும், சாதாரணமானது வெடிக்கலாம்.