மரபணு வெளிப்பாட்டை அளப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கையுறை போடுங்கள், ஆர்என்ஏவை ஐஸில் வையுங்கள், பிப்பெட் முனையை மாற்றுங்கள் என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. ஆய்வகத்தில் முதல் வாரமே யாராவது அதட்டிச் சொல்லித் தந்துவிடுவார்கள். யாரும் அதட்டாத தவறுகள்தான் ஆண்டுதோறும் புதிய மாணவர்களோடு திரும்பி வருகின்றன. எங்கள் காலத்தில் நாங்கள் செய்தவையும் இவையேதான்.

ஜிஏபிடிஎச்சைக் கண்ணை மூடிக்கொண்டு நம்புவது

நிகழ்நேர பிசிஆரில் (டிஎன்ஏவைச் சுற்றுச் சுற்றாகப் பெருக்கிக்கொண்டே அளக்கும் முறை) ஒரு மரபணுவின் தூது ஆர்என்ஏவை அளக்கும்போது, மாதிரிக்கு மாதிரி மொத்த ஆர்என்ஏ சற்றே வேறுபடும். அதைச் சரிக்கட்ட, மாறாத ஒரு மரபணுவை ஒப்பீட்டுக்கு வைக்கிறோம். பெரும்பாலும் ஜிஏபிடிஎச். ஏன் என்று கேட்டால், "சார், எல்லாக் கட்டுரையிலும் அதைத்தானே போட்டிருக்கிறார்கள்?" என்பார்கள். ஃப்ரீசரில் அதற்கான பிரைமர் (பெருக்கலைத் தொடங்கிவைக்கும் குட்டி டிஎன்ஏ துண்டு) ஏற்கெனவே இருக்கிறது என்பதுதான் உண்மையான காரணம்.

ஒரு மாணவர் புற்றுநோய்ச் செல்களை 1 சதவீத ஆக்சிஜனில் வளர்த்தார். ஆக்சிஜன் குறைந்தால் ஹிஃப்-1 என்ற புரதம் செல்லுக்குள் சேர்ந்து, புது ரத்தக் குழாய்களைத் தூண்டும் வெஜ்எஃப் மரபணுவை முடுக்கிவிடும். பாடநூலிலேயே இருக்கிறது. அவருக்கு மட்டும் வெஜ்எஃப் அசையவே இல்லை. வாயு உருளையைச் சந்தேகித்தார், புது பிரைமர் வரவழைத்தார், செல்களையே மாற்றினார். ஒரு பருவம் முழுக்கப் போயிற்று. கடைசியில், மடங்குக் கணக்கை விட்டுவிட்டு மூல எண்களைக் கொண்டுவரச் சொன்னேன்.

எளிதாக விளங்க முழு எண்களில் சொல்கிறேன். சிடி என்பது, சமிக்ஞை தெரியத் தொடங்கும் பிசிஆர் சுற்றின் எண். சாதாரணக் காற்றில் வெஜ்எஃப்பின் சிடி 25, ஜிஏபிடிஎச்சின் சிடி 17, வித்தியாசம் 8. குறைந்த ஆக்சிஜனில் 23, 15. வித்தியாசம் அதே 8. ஆகவே 'மாற்றம் இல்லை'. ஆனால் சிடி ஒன்று குறைந்தால் ஆர்என்ஏ இருமடங்கு, இரண்டு குறைந்தால் நான்கு மடங்கு. வெஜ்எஃப் நன்றாகவே ஏறியிருந்தது. ஜிஏபிடிஎச்சும் கூடவே ஏறி அதை மறைத்துவிட்டது. எடைக்கல்லே கனத்துப்போனால் தராசு என்ன காட்டும்?

இதில் மர்மம் ஒன்றும் இல்லை. ஜிஏபிடிஎச் குளுக்கோஸ் சிதைவில் பங்கேற்கும் நொதி. ஆக்சிஜன் கிடைக்காத செல் ஆற்றலுக்கு அந்தச் சிதைவைத்தான் நம்பியாக வேண்டும். ஆகவே ஹிஃப்-1 அந்த நொதிகளின் மரபணுக்களையும் சேர்த்தே முடுக்குகிறது. எந்தப் புரதத்தின் வேலையை அளக்க வந்தாரோ, அதற்கே கட்டுப்பட்ட மரபணுவை அளவுகோலாக வைத்திருந்தார். இந்த ஏற்றம் எல்லாச் செல்களிலும் ஒரே அளவில் இருப்பதில்லை என்பதால், "பக்கத்து ஆய்வகத்தில் சரியாக வந்ததே" என்பதும் எடுபடாது. பீட்டா ஆக்டினுக்குத் தாவுவதும் தீர்வல்ல: சீரம் இல்லாமல் பட்டினி போட்ட செல்களுக்கு மறுபடி சீரம் கொடுத்தால் அது உடனே துள்ளி எழும்.

எவை நிலையான மரபணுக்கள் என்று கண்டறியும் ஜீநார்ம் முறை 2002-லேயே வந்துவிட்டது. 2009-இல் வெளியான, நிகழ்நேர பிசிஆருக்கான எம்ஐகியூஇ நெறிமுறைகள், தக்க ஆதாரம் காட்டாமல் ஒற்றை ஒப்பீட்டு மரபணுவை வைப்பதை ஏற்கவில்லை. இத்தனைக்குப் பிறகும் ஜிஏபிடிஎச் மட்டும் போட்ட வரைபடத்தை யாராவது நீட்டினால் எனக்குக் கோபம்தான் வருகிறது. டிபிபி, ஹெச்பிஆர்டி, பீட்டா-2 மைக்ரோகுளோபுலின் என்று நாலைந்தை எடுத்து, உங்கள் செல்லில், உங்கள் சோதனை நிலையில் ஓட்டிப் பாருங்கள். ஒரு பிற்பகல் வேலை. சம அளவு ஆர்என்ஏ எடுத்தும், சோதனை மாதிரிகளில் மட்டும் ஒப்பீட்டு மரபணுவின் சிடி ஒரே பக்கமாக நகர்ந்தால் அங்கேயே நில்லுங்கள்.

ஆர்என்ஏ மாறவில்லை, ஆகவே கட்டுப்பாடு இல்லை என்பது

ஹிஃப்-1 புரதத்தின் ஒரு பாதியான ஹிஃப்-1 ஆல்ஃபாவையே பாருங்கள். அதன் தூது ஆர்என்ஏ பெரும்பாலும் அப்படியே இருக்கும். ஆக்சிஜன் உள்ளவரை சில நொதிகள் அந்தப் புரதத்தின் புரோலின்களில் ஹைட்ராக்சில் ஏற்றுகின்றன. விஎச்எல் என்ற இன்னொரு புரதம் அதை அடையாளம் கண்டு அழிவுக்கு அனுப்புகிறது. ஆக்சிஜன் குறைந்தால் அழிவு நிற்கிறது, புரதம் குவிகிறது. 2019-இன் மருத்துவ நோபல் பரிசு இந்த ஏற்பாட்டைக் கண்டறிந்ததற்குத்தான். பிசிஆரோடு நின்றவருக்கு இதில் எதுவுமே தெரிந்திருக்காது. புரதத்தையே அளக்கும் வெஸ்டர்ன் பிளாட்டும் செய்யுங்கள். செய்யும்போது செல் தட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்காதீர்கள். காற்றுப் பட்ட சில நிமிடங்களில் அந்தப் புரதம் காணாமல் போகும்.

ஏறினால் படியெடுத்தல்தான் காரணம் என்பது

படியெடுத்தல் (டிஎன்ஏவிலிருந்து ஆர்என்ஏ உருவாவது) கூடாமல், ஆர்என்ஏவின் அழிவு குறைந்தாலும் அளவு ஏறும். குறைந்த ஆக்சிஜனில் வெஜ்எஃப் ஆர்என்ஏவின் ஆயுளும் கூடுகிறது. ஆக்டினோமைசின் டி கொடுத்துப் படியெடுத்தலை நிறுத்தி, எவ்வளவு வேகமாகக் கரைகிறது என்று பாருங்கள்.

18எஸ்ஸுக்கு ஓலிகோ டிடி

வேண்டாம். ஓலிகோ டிடி, தூது ஆர்என்ஏவின் பாலி-ஏ வாலில் ஒட்டி அதை டிஎன்ஏவாக மாற்றத் தொடங்கும் பிரைமர். ஒப்பீட்டுக்கு வைக்கும் 18எஸ் ரைபோசோம் ஆர்என்ஏவுக்கு அந்த வால் கிடையாது.

ஆர்டி நொதி சேர்க்காத குழியை விட்டுவிடுவது

ஆர்டி, ஆர்என்ஏவை டிஎன்ஏவாக மாற்றும் நொதி. அது சேர்க்காத குழியிலும் பெருகினால், மாதிரியில் கலந்திருந்த டிஎன்ஏதான் காரணம். "என் பிரைமர் இரண்டு எக்ஸான்களின் சந்திப்பில் உட்காருகிறது, டிஎன்ஏ கலந்தாலும் பெருகாது" என்பார்கள். மனித மரபணுத் தொகுதியில் ஜிஏபிடிஎச்சுக்கு இன்ட்ரான் (எக்ஸான்களுக்கு இடையே இருந்து வெட்டி நீக்கப்படும் பகுதி) இல்லாத போலி மரபணுக்கள் ஏராளம். அவற்றிலும் அந்தச் சந்திப்பு அப்படியே உண்டு. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் நொதி போடுங்கள், அந்தக் குழியையும் ஓட்டுங்கள்.